டெர்வ்லா மர்ஃபி: அயர்லாந்திலிருந்து இந்தியாவுக்கு ஒரு மிதிவண்டிப் பயணம்

டெர்வ்லா மர்ஃபி (28 நவம்பர் 1931 – 22 மே 2022) அயர்லாந்து நாட்டுப் பயண எழுத்தாளர். 1963-ஆம் ஆண்டு சனவரியில் மிதிவண்டியில் தனியாகப் புறப்பட்டு, பிரான்சு, இத்தாலி, யுகோசுலாவியா, பல்கேரியா, துருக்கி, ஈரான், ஆப்கானித்தான், பாக்கித்தான் ஆகிய நாடுகள் வழியாக அதே ஆண்டு சூலையில் தில்லி வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 31. இப்பயணத்தை விவரிக்கும் 'ஃபுல் டில்ட்' என்னும் நூல் 1965-இல் வெளிவந்தது. அதுவே அவருடைய முதல் நூல். ஆங்கிலப் பயண இலக்கியத்தில் இன்றும் விரும்பிப் படிக்கப்படும் நூல்களுள் அது ஒன்று.

மிதிவண்டியில் நெடுந்தூரம் சென்றவர்கள் அவருக்கு முன்பும் பலர் உண்டு. இந்தப் பயணம் தனியாக நினைவுகூரப்படுவதற்குத் தூரமோ வேகமோ காரணமல்ல. வழியில் ஏறத்தாழ ஒவ்வோர் இரவும் முன்பின் அறியாத யாரோ ஒருவருடைய கூரையின் கீழ்தான் அவர் உறங்கினார். அப்படிப்பட்ட மனிதர்களைப் பற்றிய பதிவாகவே அவருடைய நூல் அமைந்துள்ளது.

பத்து வயதுக் கனவு

அயர்லாந்தின் தெற்கே வாட்டர்ஃபோர்டு மாவட்டத்தில் லிஸ்மோர் என்னும் சிற்றூர் உள்ளது. டெர்வ்லாவின் பெற்றோர் டப்ளின் நகரிலிருந்து அங்குக் குடியேறியவர்கள். தந்தை மாவட்ட நூலகர். டெர்வ்லா அவர்களுக்கு ஒரே பிள்ளை. தாய்க்கு முடக்குவாத நோய் இருந்தது. டெர்வ்லா சிறு குழந்தையாக இருந்தபோதே தாயால் எழுந்து நடமாட முடியாமல் போயிற்று.

1941-இல் டெர்வ்லாவின் பத்தாவது பிறந்த நாளுக்கு இரண்டு பரிசுகள் கிடைத்தன. பெற்றோர் பழைய மிதிவண்டி ஒன்றைக் கொடுத்தனர். தாத்தா பழைய நிலப்படநூல் ஒன்றைக் கொடுத்தார். சில நாள்களுக்குப் பின் ஊருக்கு அருகே ஒரு மேட்டில் மிதித்து ஏறிக்கொண்டிருந்த சிறுமி, தன் கால்கள் மாறி மாறிப் பெடலை அழுத்துவதைக் குனிந்து பார்த்தாள். இப்படியே விடாமல் மிதித்துக்கொண்டிருந்தால் ஒரு நாள் இந்தியாவுக்கே போய்விடலாமே என்று தோன்றியது. பெரியவர்கள் சிரிப்பார்கள் என்பதால் அதை யாரிடமும் சொல்லவில்லை. பிற்காலத்தில் இதை எழுதும்போது, அது குழந்தையின் கற்பனை அன்று, அந்த வயதிலேயே எடுத்த உறுதியான முடிவு என்றே அவர் குறிப்பிடுகிறார்.

அந்த முடிவு நிறைவேற 21 ஆண்டுகள் ஆயின. 14 வயதில் பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டுத் தாயைக் கவனிக்க வீட்டுக்கு வந்தார். குளிப்பாட்டுவது, உணவூட்டுவது, இரவில் பலமுறை எழுந்து புரட்டிப் படுக்க வைப்பது என ஒரு நாளின் எல்லா நேரமும் அதிலேயே கழிந்தது. 1950-களில் சில வாரங்கள் விடுப்புப் பெற்று இங்கிலாந்து, செருமனி, எசுப்பானியம் முதலிய நாடுகளுக்கு மிதிவண்டியில் சென்று வந்தார். போய் வா என்று ஊக்கியவரும் தாய்தான். ஆயினும் நோய் முற்ற முற்ற அந்த விடுப்பும் இல்லாமற் போயிற்று. 1961-இல் தந்தையும் 1962-இல் தாயும் இறந்தனர். தாயின் மறைவால் துயரத்துடன் விடுதலை உணர்வும் தனக்கு உண்டானதை டெர்வ்லா தம் தன்வரலாற்றில் ஒளிக்காமல் எழுதியுள்ளார். நோயாளியைப் பல்லாண்டு பேணியவர்கள் இதைப் படித்து முகம் சுளிக்க மாட்டார்கள்.

தாய் இறந்து சில மாதங்களுக்குள் அவர் புறப்பட்டுவிட்டார்.

வண்டியும் மூட்டையும்

அவருடைய மிதிவண்டி ஆம்ஸ்ட்ராங் கேடட் என்னும் ஆண்கள் வண்டி. எசுப்பானிய எழுத்தாளர் செர்வாண்டிசு படைத்த டான் குவிக்சாட் என்னும் வீரன் ஏறிச் செல்லும் நோஞ்சான் குதிரையின் பெயர் ரோசினாண்டே. அப்பெயரையே தம் வண்டிக்கு வைத்து, 'ரோஸ்' என்று சுருக்கி அழைத்தார். நூல் முழுவதிலும் ரோஸ் ஓர் உயிருள்ள தோழியாகவே வருகிறாள்.

வண்டியின் எடை ஏறத்தாழ 17 கிலோ, சுமை 13 கிலோ. வண்டியில் மூன்று கியர்கள் இருந்தன. ஆசியச் சாலைகளின் குலுக்கலுக்கு அவை தாங்கா என்று எண்ணிப் புறப்படும் முன்பே கழற்றிவிட்டார். கியர் இல்லாத வண்டியில் மலை ஏறுவது எப்படி என்று கேட்கத் தோன்றும். பெரும்பாலும் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் ஏறினார். கெட்டுப்போனால் பழுதுபார்க்க ஆளில்லாத கருவியைவிட, தள்ளிச் செல்லக்கூடிய எளிய வண்டியே மேல் என்பது அவர் கணக்கு. மாற்று டயர்களைச் சுமக்காமல் வழியிலுள்ள நகரங்களுக்கு முன்கூட்டியே அஞ்சலில் அனுப்பிவைத்தார். கூடாரம் எடுத்துக்கொள்ளவில்லை. கைத்துப்பாக்கி ஒன்று எடுத்துக்கொண்டார்.

இந்தப் பட்டியலில் கவனிக்க வேண்டியது கூடாரம் இல்லாததுதான். கூடாரம் உள்ளவர் இருட்டினால் ஆளரவமற்ற இடத்தில் ஒதுங்கிக்கொள்ளலாம். அது இல்லாதவர் மாலையில் ஏதாவது ஒரு வாசலில் போய் நிற்க வேண்டும். வாசலில் நின்ற பிறகு, அந்த வீட்டார் என்ன செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அன்றைய இரவு. துப்பாக்கி ஒரு பையில், கூடாரமின்மை மறுபக்கத்தில் என்று ஒரே மூட்டையில் அச்சமும் நம்பிக்கையும் சேர்ந்தே பயணம் செய்தன எனலாம்.

துப்பாக்கி வெடித்த மூன்று இடங்கள்

1962–63 பனிக்காலம் ஐரோப்பாவில் மிகக் கடுமையானது. ஆறுகள் உறைந்தன, சாலைகள் மூடிக் கிடந்தன. வேறொருவர் வசந்தம் வரை காத்திருப்பார். டெர்வ்லா காத்திருக்கவில்லை. மிதிக்க முடியாத இடங்களில் சரக்கு வண்டிகளில் ஏறிச் சென்றார்.

யுகோசுலாவியாவில் அப்படி ஏறிய வண்டி ஒன்று இரவில் பனியில் வழுக்கி மரத்தில் மோதியது. உதவி தேடி அருகிலிருந்த ஊருக்கு அவர் நடந்து சென்றபோது ஓநாய்கள் பாய்ந்தன. ஒன்று தோள்பக்கத்து உடையைக் கவ்வியது, மற்றொன்று கால்சட்டையைப் பற்றியது. துப்பாக்கியை எடுத்துச் சுட்டே அவர் உயிர் தப்பினார்.

இரண்டாவது முறை, துருக்கியின் கிழக்கெல்லையிலுள்ள தோகுபயாசித் ஊரில். தங்கியிருந்த விடுதி அறையில் நள்ளிரவில் ஓர் ஆள் தன் படுக்கையின் மேல் குனிந்து நிற்பதைக் கண்டு விழித்தார். கூரையை நோக்கிச் சுட, அந்த ஆள் ஓடிவிட்டான். மூன்றாவது முறை ஈரானில். மண்வெட்டிகளுடன் வந்த மூவர் வண்டியைப் பறிக்க முயன்றபோது வானத்தை நோக்கிச் சுட்டார். அதே நாட்டில் காவல் அலுவலர் ஒருவரே அவரிடம் தவறாக நடக்க முயன்றதும், அவரை அடித்து வீழ்த்திவிட்டுத் தப்பியதும் நூலில் உள்ளன.

இந்நிகழ்ச்சிகளை அவர் மிகச் சுருக்கமாக, ஏறத்தாழ நகைச்சுவையோடு சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார். தமது துணிச்சலைப் புகழ்ந்தவர்களிடம், அச்சம் இருந்து அதை வென்றால்தான் துணிச்சல், தமக்கு அச்சமே தோன்றவில்லை, எனவே பாராட்ட ஒன்றுமில்லை என்ற பொருளில் பலமுறை கூறியிருக்கிறார். இதை அவருடைய பணிவு என்று மட்டும் கொள்ளக் கூடாது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பயணத்தில் மனிதரால் நேர்ந்த ஆபத்துகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். எஞ்சிய நாள்களில் அவர் பாதுகாப்பாக இருந்தார். அதற்குக் காரணம் துப்பாக்கி அன்று. பெண்கள் தனியே செல்வது ஆபத்தே இல்லை என்று இதிலிருந்து முடிவு கட்டுவதும் பிழை. அவருடைய நூல் இரண்டையும் அருகருகே வைக்கிறது.

ஆணா பெண்ணா என்ற ஐயம்

கிழக்குத் துருக்கியிலிருந்து பல இடங்களில் மக்கள் அவரை ஆண் என்றே எண்ணினர். குட்டையாக வெட்டிய முடி, கால்சட்டை, கனத்த குரல், உரமேறிய உடல் ஆகியன ஒரு காரணம். ஒரு பெண் தனியாக இப்படி வரக்கூடும் என்ற எண்ணமே அங்கு யாருக்கும் எழாதது அதைவிடப் பெரிய காரணம். ஆகவே தேநீர்க் கடைகளில் வண்டியோட்டிகளும் ஒட்டகக்காரர்களும் உறங்கும் திண்ணையில் அவருக்கும் இடம் கிடைத்தது. உண்மை தெரிந்த வீடுகளில் பெண்கள் பகுதிக்குள்ளும் அழைத்துச் செல்லப்பட்டார். ஆண் பயணி ஒருவருக்கு வீட்டின் அந்தப் பகுதி கடைசிவரை மூடியே இருந்திருக்கும். இரு பக்கக் கதவுகளும் அவருக்குத் திறந்தன என்பது இந்நூலின் வளத்துக்கு முக்கியக் காரணம்.

ஆப்கானித்தான்

இதே வழியில் 78 ஆண்டுகளுக்கு முன் ஒரு மிதிவண்டி வந்திருக்கிறது. 1884 ஏப்ரலில் சான் பிரான்சிசுகோ பகுதியிலிருந்து பெரிய முன்சக்கர வண்டியில் புறப்பட்ட தாமசு இசுடீவன்சு, 1886 டிசம்பரில் சப்பானின் யோக்கோகாமா நகரில் உலகப் பயணத்தை முடித்தார். உலகை மிதிவண்டியில் சுற்றிய முதல் மனிதர் அவரே. ஈரான் வரை தடையின்றி வந்த அவரை ஆப்கானித்தானில் பிடித்துத் திருப்பி அனுப்பிவிட்டனர். வேறு வழியின்றிக் கப்பலேறிச் சுற்றிக்கொண்டு இந்தியா வந்தார்.

இசுடீவன்சுக்கு மூடிய நாடு டெர்வ்லாவுக்குத் திறந்தது. அதுவும் எளிதாக அன்று. தனியாக ஒரு பெண் மிதிவண்டியில் செல்வதை அதிகாரிகள் விரும்பவில்லை. சில பகுதிகளில் பேருந்தில்தான் செல்ல வேண்டும் என்று வற்புறுத்தினர். பயணம் முழுவதிலும் அவருக்கு நேர்ந்த பெருங்காயம் அப்படி ஏறிய ஒரு பேருந்தில்தான் நேர்ந்தது. உள்ளே மூண்ட சண்டையில் துப்பாக்கியின் அடிக்கட்டை விலாவில் பட்டு மூன்று எலும்புகள் முறிந்தன. அடித்தவருக்கு அவர்மீது எந்தப் பகையும் இல்லை. குறுக்கே இருந்தார், பட்டுவிட்டது. பாதுகாப்புக்காக ஏற்றப்பட்ட வாகனத்தில் எலும்பு முறிந்ததை அவர் மறக்கவில்லை.

அப்படியிருந்தும், எட்டு நாடுகளைக் கடந்து வந்தவர் மனத்தைப் பறிகொடுத்த நாடு ஆப்கானித்தானே. 'ஆப்கான் பித்துப் பிடித்தவர்' என்று பொருள்படும் ஒரு சொல்லைத் தாமே உருவாக்கித் தம்மைக் குறித்துக்கொண்டார். பாமியான் பள்ளத்தாக்குக்கும் சென்றார். அங்கே மலைச் சுவரில் குடையப்பட்ட 55 மீட்டர், 38 மீட்டர் உயரமுள்ள இரு புத்தர் சிலைகள் அன்று நின்றுகொண்டிருந்தன.

அங்குள்ள எளிய தேநீர்க் கடைகளின் வழக்கத்தை அவருடைய குறிப்புகளிலிருந்து அறியலாம். தேநீரும் ரொட்டியும் கிடைக்கும். குடித்தவர் அங்கேயே ஓரமாகப் படுத்துக்கொள்ளலாம். படுக்கைக்குத் தனியே கட்டணம் இல்லை. விருந்தினர் கொடுக்க முன்வந்த காசைப் பலர் வாங்க மறுத்தனர். மொழி தெரியாது. சைகையும் சில சொற்களும் சிரிப்புமே உரையாடல். வியர்த்துக் களைத்து, புழுதி படிந்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒருவர் வந்து நிற்கும்போது அவருக்கு என்ன தேவை என்பதை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. காரில் வந்து இறங்குபவருக்கும் இவருக்கும் உள்ள வேறுபாடு அதுதான். காரில் வருபவர் அடுத்த ஊருக்குப் போய்விட முடியும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

பசுவின் கழுத்தைப் பிடித்து

பாக்கித்தானில் அவருடைய தங்குமிடங்கள் திடீரென மாறின. ஸ்வாத் பகுதியில் அரச குடும்பத்தின் விருந்தினராகத் தங்கினார். அடுத்த சில வாரங்களில் கில்கித் பகுதியின் மலைக் குடியிருப்புகளில் கயிற்றுக் கட்டிலில் படுத்தார். சிந்து ஆற்றுப் பள்ளத்தாக்கில் வெயில் தாங்காமல் நோயுற்றார்.

அங்கிருந்து காகான் பள்ளத்தாக்குக்கு இறங்க 4,100 மீட்டருக்கு மேல் உயரமுள்ள பாபுசர் கணவாயைக் கடக்க வேண்டும். பனி முழுதும் உருகாத பருவம். வண்டி அவரைச் சுமந்த காலம் போய், அவர் வண்டியைச் சுமக்கும் நிலை வந்தது. பனிச்சரிவில் இழுத்தும் தூக்கியும் உச்சியை அடைந்து மறுபக்கம் இறங்கினால், வழியில் பாலம் அடித்துச் செல்லப்பட்ட ஓர் ஓடை. பனி உருகிப் பாயும் வெள்ளம். சுற்றிலும் மனிதர் யாரும் இல்லை. அப்போது ஒரு சிறிய கறுப்புப் பசு அந்தத் தண்ணீரில் இறங்கிற்று. டெர்வ்லா வண்டியோடு அதன் பக்கத்தில் இறங்கி, கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அக்கரை சேர்ந்தார். வழியில் உதவிய அந்நியர்களைக் கணக்கெடுத்தால் இந்தப் பசுவையும் விட்டுவிட முடியாது.

பின்னர்ப் பஞ்சாபின் கோடை வெயிலில், விடியுமுன் புறப்பட்டு வெயில் ஏறும்முன் ஒதுங்கி, எல்லை கடந்து, சூலை 18 அன்று தில்லியை அடைந்தார். ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட அந்தப் பயணத்துக்கு ஆன மொத்தச் செலவை அவர் துல்லியமாக எழுதிவைத்துள்ளார்: 64 பவுண்டு 7 சில்லிங்கு 10 பென்சு. ஒரு ரூபாய்க்கு ஒன்றரைச் சில்லிங்கு என்ற அன்றைய மதிப்பில் இது ஏறத்தாழ 860 ரூபாய். ஆறு மாதத்துக்கு மேல் ஒருவர் உண்டு உறங்கிப் பயணம் செய்ய இத்தொகை போதுமானது எப்படி என்பதற்கு விடை, வாங்க மறுக்கப்பட்ட அந்தக் காசுகளில் இருக்கிறது.

நாட்குறிப்பு நூலான விதம்

பயணத்தின்போது அவர் எழுதிய நாட்குறிப்பைப் பகுதி பகுதியாக அயர்லாந்திலுள்ள நண்பர்களுக்கு அஞ்சலில் அனுப்பிவந்தார். அதை நூலாக்கும் வழி தில்லியில் கிடைத்தது. அங்குச் சந்தித்த ஆங்கில எழுத்தாளர் பெனிலோப் செட்வோடு, இலண்டனில் உள்ள ஜான் மர்ரி பதிப்பகத்துக்கு அதை அனுப்புமாறு கூறினார். டார்வின், பைரன் ஆகியோரின் நூல்களை வெளியிட்ட பழைமையான நிறுவனம் அது. தானாக அங்கே அனுப்பும் துணிவு தமக்கு வந்திருக்காது என்பதே டெர்வ்லாவின் நினைப்பு. அந்த உறவு பல நூல்களுக்குத் தொடர்ந்தது.

நாட்குறிப்பு என்பதால் நூலுக்கு ஒரு குறையும் உண்டு. அன்றன்று மாலை தோன்றியதை அப்படியே எழுதியிருப்பதால், சில நாள் பழக்கத்தில் ஒரு நாட்டு மக்கள் அனைவரையும் பற்றித் தீர்ப்புச் சொல்லும் வரிகள் இடையிடையே வருகின்றன. மோட்டார்ச் சாலையும் மேலைநாட்டுப் பொருள்களும் மலைக் கிராமங்களைக் கெடுத்துவிடும் என்று அவர் வருந்துவதும் அப்படித்தான். வந்து போகிறவருக்குச் சாலையில்லாத கிராமம் அழகாகத் தெரியும். பிரசவ வேதனையில் இருக்கும் பெண்ணை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டிய குடும்பத்துக்கு அது வேறாகத் தெரியும். மாணவர்கள் இந்நூலைப் படிக்கையில் இவ்விடங்களில் சற்று நின்று படிப்பது நல்லது.

தருமசாலை

தில்லிக்கு வந்ததும் பயணம் முடியவில்லை. 1959-இல் தலாய் லாமா இந்தியாவுக்கு வந்தபின் ஆயிரக்கணக்கான திபெத்தியர்கள் மலைகளைக் கடந்து வந்து சேர்ந்திருந்தனர். தருமசாலையில் அவர்களுடைய குழந்தைகளுக்கான முகாம் ஒன்றைத் தலாய் லாமாவின் தமக்கை செரிங் டோல்மா நடத்திவந்தார். டெர்வ்லா அங்குத் தொண்டராகச் சேர்ந்தார். நெரிசல், சிரங்கு, வயிற்றுப்போக்கு, ஊட்டக்குறைவு ஆகியவற்றுக்கு இடையே குழந்தைகளைக் கழுவித் துடைத்து மருந்திடுவது வேலை. 14 வயது முதல் நோயாளியைப் பேணிய கைகளுக்கு அது புதிதன்று. இவ்வனுபவம் 1966-இல் 'திபெத்தன் ஃபுட்ஹோல்டு' என்னும் இரண்டாம் நூலாயிற்று.

ஆறு மாதமும் எல்லைகளைக் கடந்து வந்தவர்தான் அவரும். ஆனால் அவர் கையில் கடவுச்சீட்டு இருந்தது, விரும்பும்போது திரும்ப ஒரு வீடும் இருந்தது. அங்கிருந்த குழந்தைகள் நடந்து கடந்த மலைகளைத் திரும்பக் கடக்க முடியாது.

அதன்பின்

பிற்காலத்தில் அவர் எத்தியோப்பியாவில் கோவேறு கழுதையுடன் நடந்தார். ஐந்து வயது மகளுடன் தென்னிந்தியா வந்து குடகில் தங்கி எழுதிய நூல் 1976-இல் வெளிவந்தது. 1970-களில் வன்முறை மிகுந்திருந்த வட அயர்லாந்துக்குள்ளும் மிதிவண்டியில் சென்று, பகைத்து நின்ற இரு தரப்பாரின் வீடுகளிலும் அமர்ந்து பேசினார். அந்நூல் 'எ பிளேஸ் அபார்ட்' (1978). தன் சொந்தத் தீவின் வடக்கே உள்ளவர்கள் தனக்கு ஆப்கானியரைவிட அந்நியராக இருந்தனர் என்பதை உணர்ந்தே அங்குச் சென்றார் எனலாம். அறுபது வயதை எட்டிய பிறகும் கென்யாவிலிருந்து சிம்பாப்வே வரை மிதித்தார்.

அவர் 1963-இல் வந்த வழியில் அடுத்த பத்து, பதினைந்து ஆண்டுகள் மேலைநாட்டு இளைஞர்கள் கூட்டங்கூட்டமாகப் பேருந்திலும் வேனிலும் இந்தியா வந்தனர். 1979-இல் ஈரானில் புரட்சியும், ஆண்டு இறுதியில் ஆப்கானித்தானில் சோவியத் படைநுழைவும் நிகழ்ந்தபின் அந்தப் போக்குவரத்து நின்றுபோயிற்று. பாமியான் சிலைகள் 2001 மார்ச்சில் தகர்க்கப்பட்டன. அவர் கடந்த யுகோசுலாவியா என்ற நாடே இன்று இல்லை.

டெர்வ்லா கடைசிவரை கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை. லிஸ்மோரில், பழைய சந்தைக் கட்டடத்தை வீடாக்கிக்கொண்டு வாழ்ந்த அவர், தமது 90-ஆம் வயதில் அங்கேயே காலமானார்.